மருமக்கள் வழியில் ஒரு வெள்ளைக் குடும்பம்

நாஞ்சில் நாட்டில் ஒரு குடும்பத்தின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தவர்கள், தகப்பனார் பெயரையும் பாட்டனார் பெயரையும் கேட்டறிந்த மாத்திரத்தில் திருப்தியடைந்து எழுந்துவிடுவதில்லை. தாய் யார், தாயைப் பெற்றவள் யார், அவள் எந்த வீட்டுப் பெண் என்று கேட்டு முடித்தால்தான் விசாரணை பூர்த்தியாயிற்று என்று கருதுவார்கள். இங்குள்ள வேளாளரிடையே 1926ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சொத்து, மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கு, மருமக்கள் வழியில் இறங்கிவந்ததும், திருவிதாங்கூர்ச் சிம்மாசனமே தாய்வழியாக உரிமை பெறப்பட்டதும் இப்பழக்கத்துக்குக் காரணமாகலாம். அந்தத் தாயமுறையினால் விளைந்த அநியாயங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமது மருமக்கள் வழி மான்மியத்தில் நகையும் கண்ணீரும் கலந்து எடுத்துரைத்த பிறகு, அதற்காக வக்காலத்து வாங்க யாருக்கும் துணிவு வராது, எனக்கும் வரவில்லை. ஆயினும் சொத்தைப் பங்கிடுவதற்கு உதவாத அந்த முறை சரித்திரத்தைப் படிப்பதற்குச் சில சமயம் நன்றாக உதவுகிறது என்பதை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் வாழ்க்கையை ஆராய்ந்தபோது கண்டுகொண்டேன்.

கால்டுவெல் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அவருக்குச் சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டில் சிலை வைத்தார்கள். அதன் அடியில் நின்று படம் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவருடைய மனைவி எலைசா அம்மையார் அயர்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ அவரைத் தொடர்ந்து கப்பலேறி வந்தவர் அல்லர், நம் நாகர்கோவிலிலேயே 1822இல் ஜனித்தவர் என்ற செய்தியை நான் அறிந்தது அதற்கு வெகு காலத்திற்குப் பிறகுதான். தந்தை வழியில் பார்த்தால், அம்மையார் பிறந்த மால்ட், புகுந்த கால்டுவெல், மகள் புகுந்த வையட் என்று மூன்று குடும்பப் பெயர்கள் தனித்தனியே நிற்கும். தாய்வழியில் பார்த்தால் அவை மூன்றும் ஒரே வீடு.

அந்த வீடு எழுந்த கதைக்குச் சிறிது பின்னால் போக வேண்டும். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்பவர், தீர்த்த யாத்திரை போன இடத்தில் தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார். அவருடைய வேண்டுகோளின் பயனாக ரிங்கல்தௌபே என்ற பிரஷ்ய நாட்டுப் பாதிரியார் 1806இல் இங்கு வந்து சேர்ந்தார். அவர் பத்தாண்டுகள் உழைத்து உடல் நலிந்து விடைபெற்றபின், இலண்டன் மிஷன் சங்கத்தார் அனுப்பிய சார்லஸ் மீட், வரும் வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்த துயரத்தோடு 1818இன் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மண்ணில் கால் வைத்தார். அப்போது சமஸ்தானத்தை ஆண்டுகொண்டிருந்தவர் ராணி கௌரி பார்வதி பாய். ரெசிடெண்டாக இருந்தவர் கர்னல் மன்றோ. ராணியார் நாகர்கோவிலில் ஒரு பங்களாவும், வயல் வாங்குவதற்கு ஐயாயிரம் ரூபாயும் கொடுத்ததோடு நில்லாமல், பாதிரியாராக வந்த மீடைச் சிறிது காலம் நீதிபதியாகவும் நியமித்தார்கள். 1819ஆம் ஆண்டு பிறந்த அன்றே பெரிய கருங்கல் தேவாலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். ஹோம் சர்ச் என்று இன்று ஊரார் அழைப்பது அதைத்தான். அந்த ஆண்டின் கடைசியில் சார்லஸ் மால்ட் என்ற இளம் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர்.

மால்ட் ஐயர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பிரசங்கம் செய்தார், பள்ளிகள் நடத்தினார், சபைக் கணக்குகளைப் பார்த்தார். அவற்றையெல்லாம் மிஷன் வரலாறுகள் போதுமான அளவு சொல்லியிருக்கின்றன. நான் அவர் மனைவியிடம் போகிறேன்.

மீட் பாதிரியார் இரண்டாந்தாரமாக மணந்த அம்மையாரும் மார்த்தா மால்ட் அம்மையாரும் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப்பள்ளியை நடத்தத் தொடங்கினார்கள். பெண்கள் எழுத்துப் படிப்பதென்பது நகைப்புக்கு உரியதாக இருந்த காலம் அது. பெண்ணை அனுப்பும் வீட்டாருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் பள்ளி நடத்த முடியாது. படிப்போடு கைத்தொழிலும் சேர்ந்து வந்தது. தம் ஊரில் தாம் அறிந்திருந்த தலையணை லேஸ் பின்னும் வித்தையை, 1821ஆம் ஆண்டளவில், மால்ட் அம்மையார் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த லேஸுக்கு எங்கள் பக்கத்தில் ரேந்தை என்று பெயர். போர்ச்சுகீசியரிடமிருந்து கடற்கரையில் இறங்கிய சொல் அது. சொல் முன்னமே வந்து காத்திருந்தது, தொழில் பின்னால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், வயது எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி திண்ணையில் உட்கார்ந்து ரேந்தை பின்னுவதை ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில், உள்ளே திணித்து இறுக்கிய உருண்டைத் தலையணை. அதன்மேல் சுற்றிப் பொருத்திய தடித்த அட்டையில் சித்திரத்தின் போக்கை ஊசித் துளைகளாகக் குத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி நிற்க, அந்தக் குண்டூசிகளைச் சுற்றிக்கொண்டு மெல்லிய வெள்ளை நூல்கள் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்தில் ஒரு மரக்குச்சி. இணை இணையாக இருக்கும் அந்தக் குச்சிகளில் நான்கை எடுத்து, வலதை இடதின்மேல் போட்டு, முறுக்கி, மாற்றி, ஒரு குண்டூசியைப் பிடுங்கி அடுத்த துளையில் குத்தி, மறுபடியும் நான்கை எடுக்கிறார். குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் ஓட்டின்மேல் தூறல் விழுவதைப்போல் விட்டுவிட்டுக் கேட்கிறது. அவர் கண் தலையணையில் இல்லை. வாசலில் போகிறவர்கள்மேல் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுண்டுவிரல் அகலத்தில் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறது.

"இது யாரு சொல்லித் தந்தது அம்மைக்கு?" என்று கேட்டேன்.

"எங்க அம்மை. அவளுக்கு அவ அம்மை. அதுக்கு அங்கோட்டு ஆருக்குத் தெரியும் மக்களே?" என்று சொல்லிவிட்டு இன்னொரு குண்டூசியைப் பிடுங்கினார்.

அதற்கு அங்கோட்டு இருந்தது மால்ட் அம்மையாருடைய பள்ளிக்கூடம். அங்கே வந்த பெண்பிள்ளைகளில் அடிமைகளின் மக்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. மாட்டையும் நிலத்தையும் போல மனிதரையும் விலை பேசி எழுதிக்கொடுத்த வழக்கம் திருவிதாங்கூரில் 1855இல்தான் அரசாணையால் ஒழிந்தது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, ரேந்தையை வெள்ளைக்காரத் துரைசானிகளுக்கு விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்து, அந்தப் பெண்களிற் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள். நமது சரித்திர நூல்களில் பிரகடனங்களுக்குக் கிடைக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்காவது இந்தக் குண்டூசிகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இந்த மால்ட் அம்மையாரின் வீட்டில், 1822இல், அவர் மகளாக எலைசா பிறந்தார். அந்த ஆண்டு சாமானியமான ஆண்டன்று. மேலாடை அணிந்து தெருவில் வந்த கிறிஸ்தவப் பெண்களைச் சந்தைகளில் தடுத்துத் துணியைக் கிழித்த கலகங்கள், தோள்சீலைப் போராட்டம் என்று பிற்காலத்தார் அழைத்த அந்த நீண்ட வழக்கின் முதற்கட்டம், அப்போதுதான் கல்குளம், இரணியல் பக்கங்களில் தலையெடுத்தது. மிஷன் அம்மையார்கள் பள்ளிப் பெண்களுக்காக வெட்டித் தைத்துக் கொடுத்த தளர்ந்த குப்பாயமே அந்தச் சண்டையின் நடுவில் நின்ற வஸ்திரம். 1829இலும் ஒரு முறை தீப்பற்றி, மறுபடியும் 1858இல் மூண்டு, 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்தில்தான், அதுவும் மேற்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு, அந்த வழக்குக்கு ஒருவாறு தீர்ப்பு வந்தது. எலைசாவின் குழந்தைப் பருவம் முழுவதும் நூலும் துணியும் வெறும் தையல் விவகாரமாக இருக்கவில்லை; வீட்டுக்கு வெளியே அவை வழக்கும் அடிதடியுமாக இருந்தன.

பெற்றோர் தமிழைப் புத்தகத்திலும் முன்ஷியிடமும் கற்றவர்கள். மகளுக்கு அது தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் இளமைமுதலே நாவில் இருந்தது. பின்னாளில் இலக்கணப் பேராசானாக விளங்கிய கணவரைவிட அம்மையாருக்கே பேச்சுத் தமிழ் இயல்பாக வந்தது என்று அவர்களை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடியேறி வந்தவர்களுக்கும் குடியேறினவர்களின் மக்களுக்கும் உள்ள பேதம் இதுதான்: முன்னவர்கள் ஒரு நாட்டுக்கு வந்து சேருகிறார்கள், பின்னவர்கள் வந்து சேரவேண்டிய அவசியமே இல்லாமல் அங்கே இருக்கிறார்கள்.

கால்டுவெல் வந்து சேர்ந்தவர். 1814இல் அயர்லாந்தில் ஸ்காத்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கியபோது அவரும் மால்ட் ஐயரைப்போல இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவராகவே இருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து மனம் மாறி, ஆங்கிலத் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்து, நாட்டையும் ஜனங்களையும் அறிந்துகொள்ளும் பொருட்டுச் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகக் கால்நடையாகவே தெற்கு நோக்கி நடந்து, 1841ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள இடையன்குடியை அடைந்தார். 1844 மார்ச்சு மாதத்தில் நாகர்கோவிலில் எலைசாவை விவாகம் செய்துகொண்டார். தாம் விட்டு வந்த சங்கத்தின் மூத்த ஊழியர் ஒருவரின் மருமகனானதில் சபைக் கண்ணோட்டத்தில் சிறிது சங்கடம் இருந்திருக்கலாம். ஊர்க் கண்ணோட்டத்தில் அது பக்கத்துச் சீமைச் சம்பந்தம்.

பக்கத்துச் சீமை என்றேனே தவிர, மணப்பெண் கண்டது வேறோர் உலகம். நாகர்கோவில் பழையாற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் விளையும் வயல்களுக்கு நடுவில் உள்ள ஊர். இரண்டு மழையும் காணும். மலையையும் ஆற்றையும் விட்டு எல்லை தாண்டினால் பனையும் மணலும். இடையன்குடிப் பக்கத்துத் தேரி மணல் செந்தூரம் போலச் சிவந்தது. ஆனி ஆடிக் காற்றில் கிளம்பிப் பாத்திரத்துக்குள்ளும் கண்ணிமைக்குள்ளும் புகும். ஆண்கள் விடியுமுன் பனையேறிப் பதநீர் இறக்க, பெண்கள் பகல் முழுவதும் அடுப்பின்முன் நின்று அதைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பார்கள். அரசும் வேறு: அங்கே மகாராஜா, இங்கே கும்பினி. அந்தப் பொட்டலில் கால்டுவெல் நேர்கோடாகத் தெருக்கள் வகுத்து, கிணறுகள் வெட்டுவித்து, ஊரைப் புதிதாக அமைத்தார். 1847இல் கால்கோள் இட்ட தேவாலயம் முடிந்து பிரதிஷ்டையானது 1880இல்; முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு வேண்டிய பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

அம்மையார் இடையன்குடிக்குப் போனவுடன் செய்த காரியம், தம் தாயார் செய்த அதே காரியம். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி, பள்ளியில் எழுத்து, எழுத்தோடு ரேந்தை. பதநீர் காய்ச்சி, ஓலை முடைந்து காய்த்துப்போன விரல்களின் பெண்கள், அத்தனை மெல்லிய நூலைக் கறைபடாமல் கையாளக் கற்றுக்கொண்டது சாமானியமான சாதனையன்று. நாகர்கோவில் ரேந்தைக்கு உண்டான கீர்த்தி பின்னர் இடையன்குடி ரேந்தைக்கும் உண்டாயிற்று. ஒரு தாய் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வித்தை இரண்டு சீமைகளின் தொழிலாகிவிட்டது.

இனி ஒரு விஷயத்தை அடக்கமாகச் சொல்ல வேண்டும். 1854இல் விடுப்பில் சீமைக்குப் போன கால்டுவெல், 1856இல் இலண்டனில் தமது ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1875இல் அதைப் பெரிதும் விரித்து மறுபதிப்பாக்கினார். அந்த நூலில் மனைவிக்குப் பங்கு இருந்தது என்று நிறுவ என்னிடம் ஓலை எதுவும் இல்லை. அப்படி நிறுவ முயல்வது அவருடைய உழைப்புக்குச் செய்யும் துரோகமுமாகும். ஆனால் மலையாளம் பூர்வத்தில் தமிழினின்றும் கிளைத்த மொழி என்ற கொள்கையை அந்நூலில் அவர் வலியுறுத்தியதைப் படிக்கும்போதெல்லாம், தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் ஒரே வாயில் கலந்து புழங்கும் நாகர்கோவிலில் பிறந்த ஒருவர், அவர் வீட்டில், அடுத்த அறையில், வேலைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அத்தனை பேச்சும் இலக்கணக்காரர் செவியில் விழாமலா போயிருக்கும்?

விழவேண்டியது விழாமற் போன சந்தர்ப்பமும் உண்டு. 1849இல் அவர் பனையேறும் சமுதாயத்தாரைப்பற்றி எழுதி வெளியிட்ட சிறுநூல், யாரிடையே வாழ்ந்து யாருக்காக உழைத்தாரோ அவர்களுடைய மனத்தையே ஆழமாகப் புண்படுத்திற்று. அந்தக் காயம் பல ஆண்டுகள் ஆறவில்லை. கல்வியில் பெரியவர்கள், தாம் நேசிப்பவர்களைப்பற்றி எழுதும்போதும் உயரத்திலிருந்தே குனிந்து பார்க்கும் குற்றத்துக்கு ஆளாகிறார்கள். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அந்தச் சமுதாயத்துப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்த அம்மையார் அந்தப் புத்தகத்தைப்பற்றி என்ன நினைத்தாரோ!

வெள்ளையர் இந்த மண்ணில் ஒட்டிக்கொள்வதற்கும் ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். நாஞ்சில் நாட்டிலேயே அதற்கு முன் ஒட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு: 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் படைத்தளபதியாக உயர்ந்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் மனைவி மக்களோடு மண்ணுக்குள் துயிலும் டிலனாய். அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. மிஷன் பங்களாவில் இந்த வகையான ஒட்டுதலுக்கு இடமில்லை. மால்ட் ஐயருக்கு முன்னே வந்த மீட் ஐயரே, முதுமையில், மனைவியரை இழந்தபின் நம் நாட்டுக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணந்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. தமிழ் பேசலாம், தமிழருக்குக் கற்பிக்கலாம், தமிழ்நாட்டில் பிறக்கலாம். சம்பந்தம் மட்டும் கூடாது. ஆகவே மால்ட் வீட்டுப் பெண் கால்டுவெல்லுக்கும், கால்டுவெல் வீட்டுப் பெண் வையட் பாதிரியாருக்கும் வாழ்க்கைப்பட்டார்கள். மால்ட் தம்பதிகளோ 1850களின் நடுவில் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்கள்.

மகள் இங்கேதான் இருந்தார். 1877இல் கணவர் பிஷப்பானார். தாதுவருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. 1883இல் ஜாகை தூத்துக்குடிக்கு மாறிற்று. 1891இல் பதவியினின்று ஓய்வு பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் கால்டுவெல் காலமானார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் எழுதிவைத்திருந்த நினைவுக் குறிப்புகளை 1894இல் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டவர் ஜே. எல். வையட். அந்தப் புத்தகத்தின் முகப்பில், பதிப்பாசிரியர் பிஷப்பின் மருமகன் என்று குறித்திருக்கிறது. நாஞ்சில் நாட்டில் அந்நாளில் மருமகன் என்றால் சகோதரியின் மகன், சொத்துக்கு உரியவன். இங்கே மகளைக் கட்டியவர். இரண்டு அர்த்தத்திலும் ஒரு பெண் நடுவில் நிற்கிறாள், இரண்டிலும் அவள் பெயர் சொல்லப்படவில்லை.

அந்தப் புத்தகம் வெளிவந்தபோது எலைசா அம்மையார் உயிரோடிருந்தார். அதற்குப் பிறகும் ஐந்தாண்டுகள், 1899 வரை, இருந்தார். மருமகனார் அச்சுக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடந்த நாட்களில் ஒரு நாள் யாரேனும் அம்மையாருக்கு எதிரே உட்கார்ந்து, நாகர்கோவில் பங்களாவில் அவர் சிறுமியாக நின்று பார்த்த அந்தத் தலையணையையும் மரக்குச்சிகளையும் பள்ளிப் பெண்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டிருந்தால், சொல்லியிருப்பார்.